ஈராக் மன்னர் முதலாம் ஃபைசலின் நாணயம்: இறைமையும் சார்பும்

முன்னுரை

இஸ்லாமிய அரசியல் மரபில் ஆட்சியாளரின் இறைமைக்கு இரண்டு அடையாளங்கள் கூறப்படும். வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது நிகழ்த்தப்படும் குத்பா உரையில் அவர் பெயர் ஒலிப்பது ஒன்று. சிக்கா எனப்படும் நாணயத்தில் அவர் பெயர் பொறிக்கப்படுவது மற்றொன்று. இம்மரபை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், முதலாம் ஃபைசலின் பெயரைத் தாங்கிய ஈராக் நாணயம் முழு இறைமை பெற்ற ஓர் அரசின் நாணயமேயாகும். ஆனால் அவ்வரிசையின் முதல் நாணயங்களில் காணப்படும் ஆண்டு 1931. பிரித்தானிய ஆணையாட்சி முடிவுற்று ஈராக் பன்னாட்டுச் சங்கத்தில் உறுப்பு நாடானது 3 அக்டோபர் 1932 அன்றாகும். விடுதலைக்கு முற்பட்ட இந்நாணயம் எதற்குச் சான்றாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாணயமற்ற மன்னர்

ஃபைசல், மக்காவின் ஷரீஃபாக விளங்கிய ஹுசைனின் மகன்; 1916-இல் தொடங்கிய அரபுக் கிளர்ச்சியில் படை நடத்தியவர். 1920 மார்ச்சில் சிரியாவின் மன்னராக அறிவிக்கப்பட்ட அவர், அவ்வாண்டு ஜூலையிலேயே பிரெஞ்சுப் படையால் வெளியேற்றப்பட்டார். அதே 1920-இல் ஈராக்கில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி மூண்டது. நேரடி ஆட்சியின் சுமையைக் குறைக்க விரும்பிய பிரித்தானியா, 1921 மார்ச்சில் கூடிய கெய்ரோ மாநாட்டில் ஃபைசலை ஈராக் அரியணைக்குத் தேர்ந்தது. 23 ஆகஸ்ட் 1921 அன்று அவர் பாக்தாதில் முடிசூடினார். எனினும், ஆட்சியின் முதல் பத்தாண்டுகளில் அவர் பெயரில் நாணயம் ஏதும் புழங்கவில்லை.

அக்காலத்தில் ஈராக்கில் வழங்கியது இந்திய ரூபாய். பிரித்தானிய இந்தியப் படை 1914 நவம்பரில் பஸ்ராவையும் 1917 மார்ச்சில் பாக்தாதையும் கைப்பற்றியபோது, அதனுடன் ரூபாயும் நாடெங்கும் பரவியது. உதுமானிய லிராவும் பாரசீக கிரானும் பின்தங்கின. இதனால் ஃபைசலின் குடிமக்கள் அன்றாடம் கையாண்ட ரூபாயில் பேரரசர் ஐந்தாம் ஜார்ஜின் உருவமே இருந்தது.

புதிய நாணய முறை

1931-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தினாரை நாட்டின் நாணயமாக்கியது. 1 ஏப்ரல் 1932 முதல் அது புழக்கத்திற்கு வந்தது. ஒரு தினார் 1,000 ஃபில்ஸ். அதன் மதிப்பு ஒரு பிரித்தானிய பவுண்டுக்குச் சமம். ஒரு ரூபாய் 75 ஃபில்ஸாகக் கணக்கிடப்பட்டது. 1, 2 ஃபில்ஸ் வெண்கலத்திலும், 4, 10 ஃபில்ஸ் நிக்கலிலும், 20, 50 ஃபில்ஸ் வெள்ளியிலும் வெளியாயின. 200 ஃபில்ஸ் மதிப்புடைய ரியால் என்னும் வெள்ளி நாணயம் 1932 என்னும் ஆண்டைத் தாங்கியது. ஒரு பக்கத்தில் மன்னரின் தலையுருவும் பெயரும், மறுபக்கத்தில் அரசின் பெயரும் மதிப்பும் ஹிஜ்ரி, கிறித்தவ ஆண்டுகளும் அரபு எழுத்தில் இடம்பெற்றன.

பெயர்த் தேர்வு கருதத்தக்கது. உரோமரின் தினாரியஸ், ஃபோலிஸ் ஆகிய சொற்களிலிருந்து வந்த தினாரும் ஃபில்ஸும் அப்பாசியர் கால பாக்தாதில் வழங்கிய நாணயப் பெயர்கள். புதிய அரசு இவற்றின் வழியே பழம்பெருமையுடன் தன்னை இணைத்துக்கொண்டது. மக்கள் வழக்கோ வேறு நினைவுகளையும் காத்தது. 4 ஃபில்ஸ் 'ஆனா' என்றும் 20 ஃபில்ஸ் 'கிரான்' என்றும் அழைக்கப்பட்டன. முன்னது இந்தியாவையும் பின்னது பாரசீகத்தையும் நினைவூட்டுகின்றன.

இறைமையின் எல்லை

நாணயத்தின் முகம் ஃபைசலுடையது. அதன் மதிப்பைத் தாங்கியது பவுண்டு. வெளியீட்டுப் பொறுப்பும் காப்பிருப்பும் லண்டனில் அமைந்த ஈராக் நாணய வாரியத்திடம் இருந்தன. ஆகவே இந்நாணயத்தை வெறும் புறத்தோற்றம் என ஒதுக்கலாமா? அவ்வாறு ஒதுக்குவது பொருந்தாது. ஆணையாட்சி முடிவுறுவதற்கு 1931-இல் பன்னாட்டுச் சங்கத்தின் அமைப்புகள் வகுத்த நிபந்தனைகளுள், அரசு தன் செலவினங்களை ஈடுசெய்யப் போதிய நிதிவளம் பெற்றிருத்தலும் ஒன்று. இச்சூழலில் வெளிவந்த தனி நாணயம், விடுதலையைக் கோரிய அரசு தன் தகுதியைப் புலப்படுத்திய வழிகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

சார்பு உடனே அகலவில்லை. ஃபைசல் 8 செப்டம்பர் 1933 அன்று பெர்ன் நகரில் மறைந்தபின் ஆட்சிக்கு வந்த காஸியின் 1938 நாணயங்களுள் சில, பம்பாய் நாணயச்சாலையில் அச்சிடப்பட்டன. 1947-இல் ஈராக் தேசிய வங்கி நிறுவப்பட்டு, 1949-இல் நாணயப் பொறுப்பு வாரியத்திடமிருந்து அதன் கைக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகளில், 14 ஜூலை 1958 புரட்சியில் முடியாட்சியே வீழ்ந்தது. 1959-ஆம் ஆண்டு நாணயங்களில் மன்னர் உருவம் இல்லை.

முடிவுரை

உருவும் பெயரும் இறைமையின் உரிமைக் கோரிக்கையைக் காட்டுகின்றன. மதிப்பும் வெளியீட்டு அதிகாரமும் அக்கோரிக்கை எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதைக் காட்டுகின்றன. நவீன அரபு முடியாட்சிகளின் நாணயங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, பொறிப்புகளுடன் நாணயச் சட்டங்களையும் ஒருசேர நோக்க வேண்டும் என்பதை ஃபைசலின் நாணயம் உணர்த்துகிறது.