முட்டுக்கட்டை முதல் சிவப்புக் காலிப்பர் வரை

மோட்டார் வண்டி எவ்வாறு ஓடுகிறது என்று அறிய ஆவல் கொள்வோர் பலர். அது எவ்வாறு நிற்கிறது என்று கேட்போர் சிலரே. ஆயினும் அண்மைக் காலத்தில் வண்டியை நிறுத்தும் உறுப்பு ஒன்று இளைஞர்களின் கண்ணைக் கவர்ந்துள்ளது. மதுரைப் புறவழிச் சாலையில் செல்லும் மோட்டார் சைக்கிள்களின் முன்சக்கரத்தையோ, எப்போதேனும் தென்படும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் சக்கரத்தையோ உற்று நோக்குங்கள். ஆரங்களுக்கு இடையே சிவப்பு, மஞ்சள், பொன்னிறம் என ஏதேனும் ஒரு வண்ணத்தில் உலோகக் கட்டி ஒன்று தெரியும். அதுவே காலிப்பர். ஆய்வகத்தில் நாம் கையாளும் வெர்னியர் காலிப்பரைப் போலவே, இதுவும் இரு தாடைகளால் ஒரு பொருளைக் கவ்வுவதால் இப்பெயர் பெற்றது.

இந்தக் காலிப்பரின் நிறத்தை மாற்றித் தரும் ஒர்க் ஷாப்புகள் இன்று உண்டு. சிவப்புப் பூசினால் பிரேக் விரைவில் குளிருமா? கறுப்புத்தான் வெப்பத்தை நன்றாக வெளியிடும் என்று பாடநூலில் படித்தோமே, அப்படியானால் கறுப்பை மாற்றுவது தவறல்லவா? மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் இவ்வினாக்களுக்கு விடை காண, வண்டியை நிறுத்தும் கலையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

தேரும் காரும்

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளைச் சுற்றி வரும் தேரைக் கண்டவர்கள், சக்கரத்தை ஒட்டியபடியே மரக்கட்டைகளுடன் செல்லும் ஆட்களையும் கண்டிருப்பர். அவர்கள் இடும் முட்டுக்கட்டையே தேருக்குப் பிரேக். சரிவான அக்கட்டையின் மேல் சக்கரம் ஏற முயலும்போது வேகம் குறைகிறது. உராய்வு எஞ்சியதைப் பார்த்துக்கொள்கிறது. 'முட்டுக்கட்டை போடுதல்' என்று நாம் அன்றாடம் வழங்கும் தொடர் இத்தொழிலிலிருந்து வந்ததே. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கையே பொருத்தியிருக்கிறார்கள்.

ஆழித்தேரின் எடை சுமார் 300 டன். அது நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் அதன் இயக்க ஆற்றல் 1.5 இலட்சம் ஜூல். ஒன்றரை டன் எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? சுமார் 5.8 இலட்சம் ஜூல். அதாவது தேரின் ஆற்றலைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு! இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருப்பதே இதற்குக் காரணம். வேகம் 200 கிலோமீட்டரானால் ஆற்றல் மேலும் நான்கு மடங்காகி 23 இலட்சம் ஜூலை எட்டும்.

ஆற்றலை அழிக்க முடியாது. பிரேக் செய்வதெல்லாம் இயக்கத்தை வெப்பமாக மாற்றுவதுதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், அறை வெப்பநிலையிலுள்ள இரண்டு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஆகவே, பிரேக்கின் வரலாறு என்பது வெப்பத்தை எங்கே அனுப்புவது என்ற ஒரே வினாவின் வரலாறு எனலாம்.

பழைய செருப்பும் செப்புத் தகடும்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் செல்லும்போது, மரப் பிரேக் கட்டையின்மேல் பழைய காலணித் தோலைப் பொருத்திக்கொள்வது வழக்கம். இதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், 1897-இல் உராய்வுப் பட்டைகளைத் தனியே செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ என்னும் புகழ்பெற்ற பெயர் அவருடைய முயற்சியில் பிறந்ததே.

1902-ஆம் ஆண்டில் இருவேறு வழிகள் தோன்றின. பிரான்சில் லூயி ரெனோ, சக்கரத்தோடு சுழலும் மத்தளம் போன்ற உருளையின் உட்புறத்தில் இரு வளைகட்டைகள் அழுந்தும் 'டிரம் பிரேக்'கை அமைத்தார். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர், சுழலும் தட்டொன்றை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் 'டிஸ்க் பிரேக்'குக்கு உரிமம் பெற்றார். லான்செஸ்டரின் தட்டைக் கவ்வியது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசி எழுப்பிய கிறீச்சொலியைப் பொறுப்பது கடினம். மேலும் அக்காலச் சாலைகளின் புழுதி திறந்த தட்டில் படிந்தது. டிரம்மோ மூடியிருந்ததால் புழுதிக்குத் தப்பியது. எனவே, அடுத்த அரை நூற்றாண்டு டிரம்மின் காலமாயிற்று.

உராய்வுப் பட்டையில் பின்னர்க் கல்நார் இடம் பெற்றது. வெப்பத்தைத் தாங்கும் இந்த இழைக்கனிமம் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. ஆனால், அதன் தூளைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் நோயும் புற்றுநோயும் வந்ததால் நாடுகள் பல அதைக் கைவிட்டன. பிரிட்டன் 1999-இல் முற்றிலும் தடை செய்தது.

மதுரையும் மலைப்பாதையும்

டிரம் பிரேக்கின் காலம் மதுரைக்கு மோட்டார் வந்த காலமும் ஆகும். திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1911-இல் தொடங்கிய நிறுவனம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பேருந்துகளை இயக்கியது. மாட்டுவண்டியும் ஜட்காவும் சென்ற சாலைகளில் குறித்த நேரத்திற்குப் பேருந்து வரும் என்ற நம்பிக்கையை அது வளர்த்தது. அக்கால மோட்டார் வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. மிதிகட்டையிலிருந்து சக்கரம் வரை இரும்புக் கம்பிகளே விசையைக் கடத்தின. 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார், பாஸ்கல் விதியைப் பயன்படுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் நீர்ம அழுத்தத்தால் விசையை அனுப்பிக் காட்டிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. கனரக வண்டிகளுக்கு, வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் இரயிலுக்காக உரிமம் பெற்ற காற்றுப் பிரேக்கின் வழி ஏற்றதாயிற்று. மதுரையின் தனியார் பேருந்துத் தடங்கள் பல, 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது அரசுடைமையாயின.

மதுரை சமவெளியில் இருப்பினும் அதன் பேருந்துகள் மலையேறுபவை. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் செல்லும் பேருந்து ஏறத்தாழ 1800 மீட்டர் உயரம் ஏறி, மீண்டும் அவ்வளவும் இறங்க வேண்டும். பயணிகளோடு 15 டன் எடையுள்ள பேருந்து இறங்கும்போது இழக்கும் நிலை ஆற்றல் சுமார் 26 கோடி ஜூல். இது 900 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம்! எல்லாவற்றையும் பிரேக்கின் மீதே சுமத்தினால் டிரம் சூடாகி விரிந்து, உள்ளிருக்கும் கட்டைகளை விட்டு விலகும். பட்டையின் உராய்வும் குறையும். மிதித்தும் வண்டி நிற்காது. 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்று அனுபவமிக்க ஓட்டுநர்கள் சொல்வது, அவ்வெப்பத்தில் ஒரு பங்கை எஞ்சினிடம் ஒப்படைப்பதற்காகவே.

மூடியிருந்தது திறந்தது

டிரம்மின் நற்குணமே அதன் குறையாயிற்று. புழுதியைத் தடுத்த மூடி காற்றையும் தடுத்தது. 1953-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார், மணிக்குச் சராசரி 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வென்றது. திறந்த தட்டைக் காற்று குளிர்வித்தது. தட்டு சூட்டில் தடித்தால், பட்டையை விட்டு விலகாமல் அதை நோக்கியே நெருங்கியது. 1955-இல் சித்ரோயன் டி.எஸ். கார் இதைப் பொதுமக்கள் வண்டிக்கும் கொண்டு வந்தது.

இந்தியாவிலும் பிரேக் செய்யும் தொழில் வேரூன்றியது. மதுரையில் தொடங்கிய அதே டி.வி.எஸ். குழுமம், சென்னையை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன் என்னும் இரு தொழிற்சாலைகளை பிரிட்டிஷ் நிறுவனங்களுடன் சேர்ந்து 1962-இல் அமைத்தது. தரத்திற்கான ஜப்பானின் டெமிங் பரிசைச் சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை.

நிறம் பேசிய மொழி

டிரம்முக்கு வண்ணம் பூசி அழகு பார்த்தவர் அரிது. அது சக்கரத்துக்குள் மறைந்திருந்தது. வெப்பத்தை வெளியேற்றப் பிரேக்கைத் திறந்து வைத்ததாலும், அகன்ற இடைவெளியுள்ள அலுமினியச் சக்கரங்கள் வந்ததாலும் காலிப்பர் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகே நிறத்திற்கு வேலை வந்தது.

போர்ஷே நிறுவனம் இதை ஒரு குறியீட்டு மொழியாகவே ஆக்கியது. சாதாரண வகைக்குக் கறுப்பு. ஆற்றல் மிக்க வகைக்குச் சிவப்பு. 2001-இன் 911 ஜி.டி.2 காரில் வந்தது போன்ற பீங்கான் கலப்புத் தட்டுகளுக்கு மஞ்சள். மின் மோட்டாரும் சேர்ந்த 918 ஸ்பைடர் போன்றவற்றிற்குப் பச்சை. 2017-இல் வந்த டங்ஸ்டன் கார்பைடு பூச்சுத் தட்டுக்கு வெள்ளை. நிறம் இங்கே பிரேக்கின் காரணமன்று, முகவரி. இரும்புத் தட்டுள்ள வண்டியின் காலிப்பருக்கு மஞ்சள் பூசினால் முகவரிதான் மாறும், வீடு மாறாது.

லெஸ்லி தந்த விடை

இனி மாணவர்களின் வினாவுக்கு வருவோம். ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் லெஸ்லி 1804-இல் வெளியிட்ட சோதனை நம் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் நடக்கிறது. வெந்நீர் நிரம்பிய உலோகக் கனசதுரத்தின் ஒரு முகம் விளக்குக்கரி பூசியது. ஒன்று வெள்ளைத் தாள் ஒட்டியது. ஒன்று மெருகிட்ட உலோகம். கரியும் வெள்ளைத் தாளும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தைக் கதிர்வீசுகின்றன. மெருகிட்ட உலோகம் மட்டும் மிகக் குறைவாக வீசுகிறது.

ஏன் இவ்வாறு? 200 டிகிரி செல்சியசில் உள்ள பொருள் பெருமளவு வீசுவது 6 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரை. நம் கண் காணும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. கண்ணுக்குச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வேறுபடும் பூச்சுகள், அகச்சிவப்பில் பெரும்பாலும் 'கறுப்பே'. 500 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள காலிப்பர் 150 டிகிரியில் இருந்தால், எந்த வண்ணமாயினும் அது கதிர்வீச்சால் இழப்பது 100 வாட்டுக்கும் குறைவு. ஆனால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஐந்து நொடியில் காரை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பத் திறன் ஒரு இலட்சம் வாட்டுக்கும் மேல். அதைப் பெரிதும் தாங்குவது சுழலும் தட்டு. கொண்டு செல்வது அதன்மேல் பாயும் காற்று. வண்ணத்திற்கு இதில் பங்கில்லை.

நிறத்தால் உண்மைப் பயன் விளையும் இடமும் உண்டு. பந்தயப் பொறியாளர்கள், குறித்த வெப்பநிலையில் நிறம் மாறும் சாயத்தைத் தட்டின் விளிம்பிலும், அத்தகைய ஒட்டிகளைக் காலிப்பரிலும் இடுகின்றனர். ஓட்டம் முடிந்ததும் மாறிய நிறத்தைப் பார்த்து, பிரேக் எவ்வளவு சூடேறியது என்று அறிகின்றனர்.

பூசுமுன் அறிய வேண்டியவை

அழகுக்காக நிறம் மாற்றுவது குற்றமன்று. ஆனால் காலிப்பர் வெறும் உலோகக் கட்டியன்று. அதனுள் பிஸ்டனும் இரப்பர் வளையங்களும் பிரேக் ஆயிலும் உள்ளன. தட்டிலோ பேடிலோ சிறிது பெயின்ட் பட்டாலும் உராய்வு கெடும். பேட் நகரும் இடத்தில் பூச்சு தடித்தால், அது சிக்கிக்கொண்டு ஓயாமல் உரசும். பிஸ்டனின் இரப்பர் உறையையும், காற்றை வெளியேற்றும் திருகையும் மூடிவிட்டே பூச வேண்டும். சாதாரணப் பெயின்ட் சூட்டில் கருகி உரியும். வெப்பம் தாங்கும் பூச்சே ஏற்றது.

பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும்; ஆவி எளிதில் அமுங்குவதால் மிதித்த விசை சக்கரத்தை எட்டாது. ஆகவே, வண்ணத்துக்குச் செலவிடுமுன் ஆயிலையும் பேடையும் மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று பார்ப்பது அறிவுடைமை. பிரேக்கிலுள்ள தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பது மெக்கானிக்கின் நுரையீரலுக்கு நல்லது.

அடுத்த முறை ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பேருந்துக்காக நிற்கும்போது, அதன் சக்கரத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். புழுதியும் எண்ணெயும் படிந்த அந்தப் பிரேக்கை யாரும் வண்ணம் பூசி அலங்கரித்திருக்க மாட்டார்கள். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் 26 கோடி ஜூலை எஞ்சினோடு பங்கிட்டுக்கொண்டு, அதில் ஏறியவர்களை அது பத்திரமாகக் கீழே கொண்டு வந்து சேர்க்கிறது.