சவுக்காரம் மருந்து சுமந்த கதை

நம் பாட்டிமார் ‘சவுக்காரம்’ என்று சொன்னார்களே, அந்த சோப்புக்குப் பெரிய வரலாறு ஒன்று உண்டு. வேதியியல் படித்தவர்களுக்குப் பாதி தெரியும். மீதியை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன்.

சோப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, எண்ணெயை விரும்பும் வால் ஒன்று. தண்ணீரில் போதிய அளவு சேர்ந்ததும் வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று தாமாகவே உருண்டை கட்டிக்கொள்ளும். மீன் குழம்புச் சட்டியின் பிசுக்கு இந்த உருண்டைக்குள் புகுந்துதான் வெளியேறுகிறது. 1913இல் மெக்பெயின் இதை ‘மைசெல்’ என்றார்.

பிசுக்கைச் சுமப்பது மருந்தைச் சுமக்காதா? 1950களில் ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சைக்கொல்லி கிடைத்தது. தண்ணீரில் கரையாது. சோப்புக்கு உறவான பித்த உப்போடு கலந்துதான் ஏற்றினார்கள். பூஞ்சை செத்தது, கூடவே சிறுநீரகமும் கெட்டது. சுமந்தால் மட்டும் போதாதே, இறக்குகிற இடமும் தெரியணுமே!

நம் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962இல். இரண்டு வருஷம் கழித்து, இங்கிலாந்தில் பாங்ஹாமும் ஹார்னும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒன்றைக் கண்டார்கள். முட்டைக் கருவில் உள்ள லெசித்தினுக்கு வால் இரண்டு. அது தண்ணீரில் உருண்டையாகாமல், இரட்டைச் சுவர் கொண்ட பையாக மூடிக்கொள்கிறது. அதுவே லிப்போசோம். செயற்கைச் சோப்புப் பொருள்களாலும் இப்படிப் பை செய்யலாம் என்று 1970களில் பிரான்ஸின் லோரியால் நிறுவனம் காட்டியது. 1978இல் யாட்வின் குழுவினர் சூடு பட்டால் திறக்கும் பையையும், 1980இல் அமிலம் பட்டால் திறக்கும் பையையும் செய்தார்கள்.

இதில் நம்மவர் பங்கும் உண்டு. பிமல் குமார் பச்சாவத் 1957 முதல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு வேதியியல் ஆய்வை வளர்த்தவர். பிறகு கல்கத்தா போய், பையின் மேல் சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டினால் அது உடம்பில் சேரும் இடம் மாறும் என்று 1980 வாக்கில் அவர் குழு காட்டியது. அப்புறம் டெல்லிப் பல்கலைக்கழகம். அங்கே ஆம்போடெரிசினை லிப்போசோமில் அடைத்தார்கள், மும்பை கே.இ.எம். மருத்துவமனை டாக்டர்கள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சாவத் 1996இல் காலமானார்.

பலன்? பீகாரில் காலா அசார் நோயாளிகளுக்கு 29 நாளில் 15 முறை பழைய மருந்தை ஏற்ற வேண்டியிருந்தது. வெளிநாட்டு லிப்போசோம் மருந்தை ஒரே ஒரு தடவை ஏற்றினாலே ஏறத்தாழ அதே குணம் என்று ஷியாம் சுந்தர் குழு 2010இல் அறிவித்தது: 95.7 சதவீதம், பழைய முறையில் 96.3. கூலி வேலைக்குப் போகிறவனுக்கு ஒரு மாதம் மிச்சமென்றால் சும்மாவா?

2021 மே மாதம் கொரோனாவோடு கறுப்புப் பூஞ்சையும் பரவியது. கண்ணை இழந்தவர்கள் பலர். உயிரையே இழந்தவர்களும் உண்டு. இதே லிப்போசோம் மருந்துக்காக உறவினர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். நம் நாட்டிலேயே செய்யத் தெரிந்திருந்தும் தேவைக்கு எட்டவில்லை. அறிவு ஆய்வகத்தில் பிறந்தால் மட்டும் போதாது. தொழிற்சாலையும் கையிருப்பும் கூட வேண்டும்.

தம்பி தங்கைகளே! ஆய்வகத்தில் சோப்புக் கரைசலை வைத்து ‘இதிலென்ன இருக்கு’ என்று கொட்டிவிடாதீர்கள். அடுத்த முறை மருந்து தேடி யாரும் அலையாதபடி செய்யும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.