கார்ட் பந்தய விளையாட்டும் அதன் வழித்தோன்றல்களும்

ஒரு கலைவடிவம் தோன்றியமைக்குக் காரணம் யாதென ஆராயுமிடத்துக் கலைஞனது கற்பனையையே முதற்கண் சுட்டுதல் வழக்கம். கருவியின் குறைபாட்டைச் சுட்டுவார் சிலரே. கணினி விளையாட்டுக்களுள் ஒருவகையாகிய கார்ட் பந்தயத்தின் வரலாறோ பின்னையதற்கே சான்று பகர்கின்றது. விளையாட்டுக்கும் வரலாறு உண்டோ என ஐயுறுவார், சதுரங்கத்தின் வரலாற்றை ஆராய்ந்த அறிஞரை எவரும் எள்ளியதில்லை என்பதை நினைவிற் கொள்வாராக.

கார்ட் என்பது கூரையும் விற்சுருளும் அற்றதாய், நிலத்தோடு ஒட்டி ஓடும் சிறு வண்டி. 1956 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், பந்தயக் கார்களை அமைக்கும் நிறுவனமொன்றிற் பணிபுரிந்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பார், புல்வெட்டும் பொறிக்கென ஆக்கப்பட்ட இயந்திரத்தை இரும்புக்குழாய்ச் சட்டத்திற் பொருத்தி இதனை முதன்முதல் அமைத்தார். பசடீனா நகரத்து ரோஸ் போல் அரங்கின் வாகனத் தரிப்பிடமே இதன் தொடக்ககால ஓடுகளம்.

இவ்வண்டி திரைக்கு வந்த வரலாறு சுவையானது. யப்பானிய நின்டெண்டோ நிறுவனம் 1990 இல் வெளியிட்ட எஃப்-சீரோ என்னும் பந்தயம் ஒருவர் மட்டுமே ஆடத்தக்கது. இருவர் ஒருங்கே ஆடத்தக்க பந்தயமொன்றை ஆக்குவதற்கு அந்நிறுவனத்தார் அடுத்து முனைந்தனர். திரையை மேலும் கீழுமாகப் பகுத்தபோது, நீண்ட நேர்ச்சாலையிற் பெருவேகமாக விரையும் காட்சியை இரு பகுதியிலும் ஒரே வேளையிற் காட்ட அப்பொறியால் இயலவில்லை. ஆகவே களம் சுருங்கிற்று. சுருங்கவே வளைவுகள் மலிந்தன. வளைவுகள் மலியவே அக்களத்துக்கு ஏற்ற வண்டி கார்ட்டே என்றாயிற்று. செலுத்துவோனாக முதலில் அமர்ந்தவன் பெயரில்லாத ஒருவன். அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பாத்திரமாகிய மரியோ சில மாதங்களின் பின்னரே ஆசனத்தில் ஏறினான். சுகியாமா, கொன்னோ ஆகிய இருவரும் நெறிப்படுத்த, மியமோட்டோவின் மேற்பார்வையில் உருவாகிய 'சூப்பர் மரியோ கார்ட்' 1992 ஆகஸ்ட் 27 ஆம் நாள் யப்பானில் வெளிவந்தது.

மரியோ பாய்ந்து தாவும் வீரன். அவன் ஏறியதும் தாவலும் வண்டியோடு சேர்ந்துவிட்டது. இறகொன்றைப் பெற்றவன் வண்டியோடு மேலெழுந்து மதிலைக் கடந்து குறுக்குவழி பிடிக்கலாம். எம்மதிலை எக்கணத்தில் தாண்டுவது என்பது வேகத்தைச் சார்ந்த வினாவன்று. ஒரு புதிர் எனலாம். 1997 இல் ரெயார் நிறுவனம் ஆக்கிய 'டிடி கோங் ரேசிங்' இதனை மேலும் வளர்த்தது. களத்திற் சிதறிக் கிடக்கும் எட்டு வெள்ளி நாணயங்களையும் பொறுக்கவேண்டும், முதலாவதாகவும் வரவேண்டும். பந்தயம், தாவல், புதிர் என்னும் மூன்றும் இங்கே ஒன்றாயின.

சாகசத்தின் வேர் வேறு. அது 1984 இல் வெளிவந்த 'எக்சைட்பைக்' என்னும் மோட்டார்ச் சைக்கிள் விளையாட்டிலே உள்ளது. பக்கவாட்டிற் காணும் களமும் மேடுகளிலிருந்து பாயும் வண்டியும் அதற்குரியன. ஆடுவோர் தாமே களம் வகுக்கவும் அதில் இடமிருந்தது. இவ்வேரிலிருந்து 2009 இல் பின்லாந்தில் 'டிரையல்ஸ் எச்டி'யும், 2010 இல் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரில் நால்வரே கொண்ட குழுவொன்றினால் 'ஜோ டேஞ்சர்' உம் தோன்றின. பேரளவிலான முதலீடின்றி நால்வர் ஒரு விளையாட்டை உலகெங்கும் விற்க முடிந்தமைக்குத் தரவிறக்கமே காரணம். பெட்டியில்லை, தட்டில்லை; இணையவழி வாங்கியவர் பொறியிலேயே விளையாட்டு வந்திறங்கும். இங்கும் குறுமை தன் வேலையைச் செய்தது. நின்டெண்டோவின் வீ கருவிக்கென 2008 இல் தொடங்கிய தரவிறக்கச் சேவையில் ஒரு விளையாட்டின் அளவு 40 மெகாபைற்றைத் தாண்டலாகாது என விதித்திருந்தனர். பரந்த காட்சிகளுக்கு இடமில்லாதபோது, சிறு களமொன்றைப் பலமுறை ஆடச்செய்யும் நுட்பத்தையே ஆக்குவோர் நாடவேண்டியிருந்தது. இவற்றைச் சிற்றாக்கங்கள் எனத் தள்ளுவாரை எமக்கு உடன்பாடில்லை.

ஆயின் வரலாற்று மாணவன் கவலுறவேண்டிய இடமும் இதுவே. 1992 இல் விற்ற மரியோ கார்ட் பேழையை அதற்குரிய பொறியிற் செருகினால் இன்றும் ஆடலாம். தரவிறக்கி வந்தவற்றுக்கு அவ்வுறுதி இல்லை. வீ கருவியின் இணையக்கடை 2019 சனவரி 30 ஆம் நாளும், எக்ஸ்பொக்ஸ் 360 இன் கடை 2024 யூலை 29 ஆம் நாளும் மூடப்பட்டன. அங்கன்றி வேறெங்கும் விற்கப்படாத ஆக்கங்களை இனி எவரும் புதிதாக வாங்கவியலாது. 2010 இற்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 பங்கு விற்பனையில் இல்லை என, விளையாட்டு வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023 இல் கணக்கிட்டுக் கூறிற்று. அத்தகையவற்றை ஆய்வாளர் தம் இடத்திலிருந்தவாறே ஆராய்வதற்கு நூலகங்கள் வழிசெய்ய அனுமதிக்கவேண்டும் என்ற விண்ணப்பத்தை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் ஏற்க மறுத்தது. நூலகத்துக்கு நேரிற் சென்று காண்பதற்கு மட்டுமே வழி எஞ்சியுள்ளது.