கதவு திறந்தால் மட்டும் போதாது

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வாண்டில், நம் மக்கள் பள்ளிக்கூடத்தினுள் காலடி வைத்த வரலாற்றை இளைஞர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். அவ்வரலாற்றை நன்கு அறிந்தவர்க்கே, இன்றும் பள்ளிக்கு வெளியே நிற்கும் ஒரு சாராரின் நிலை விளங்கும். அச்சாரார் வேறெங்கோ வாழ்பவரல்லர். நம் தெருக்களிலும் நம் வீடுகளிலும் உள்ள மாற்றுத்திறன் குழந்தைகளே அவர்கள்.

நம் நாஞ்சில் நாடு நெடுங்காலம் திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாளன்றே தமிழகத்தோடு இணைந்தது. மக்களுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817ஆம் ஆண்டிலேயே ஆணை பிறப்பித்தார். ஆயினும் அந்த ஆணையின் பயன் நம் சேரிகளை எட்டவில்லை. சாம்பவர் குலத்திற் பிறந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் முயற்சியால் 1806ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பின்னரே, நம் முன்னோருள் சிலர் எழுத்தறியும் வாய்ப்பைப் பெற்றனர். அரசுப் பள்ளியின் வாயிலோ மேலும் நூறாண்டுகள் மூடியே கிடந்தது.

அவ்வாயிலைத் தட்டியவர் வெங்கானூர் அய்யன்காளி. 1904இல் தம் ஊரில் குடிசைப் பள்ளி ஒன்றை அமைத்தார், அது தீக்கிரையாக்கப்பட்டது. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தார். 'எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உங்கள் வயலில் இறங்கமாட்டோம்' என்று உழவுத் தொழிலாளரைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்வித்தார். 1910இல் பள்ளி நுழைவுக்கு ஆணை பிறந்தது. எனினும் 1914இல் நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது கலகம் மூண்டது. பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. ஒரு சிறுமி பலகையில் அமர்வதைக் காட்டிலும் பள்ளி எரிந்து போவதே மேல் என்று எண்ணியவர்கள் அன்று இருந்தனர்.

இவ்வெதிர்ப்புக்கு அன்று கூறப்பட்ட காரணத்தை நாம் மறத்தலாகாது. நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த இராமகிருஷ்ண பிள்ளை, 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியர். அரசின் ஊழலை அஞ்சாது எழுதியமைக்காக 1910இல் நாடு கடத்தப்பட்டவர். அத்தகையவரே, அதே ஆண்டில், தலைமுறை தலைமுறையாக அறிவை வளர்த்தவர் பிள்ளைகளையும் நிலத்தை உழுதவர் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதை ஒக்கும் என்னும் கருத்தை எழுதினார். மெல்லக் கற்பவன் விரைந்து கற்பவனைப் பின்னுக்கு இழுத்துவிடுவான் என்பதே அவ்வாதத்தின் சாரம்.

அவ்வாதம் பொய் என்று நம் மக்கள் மெய்ப்பித்துவிட்டனர். ஆசிரியராகவும் மருத்துவராகவும் அலுவலராகவும் இன்று நம்மிடையே விளங்குவோர் யாவரும் அதற்குச் சான்று. ஆனால் அதே வாதம் சாகவில்லை. பார்வையற்ற பிள்ளையை, காது கேளாத பிள்ளையை, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பொது வகுப்பில் சேர்க்க முற்படும்போது, 'மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடும்' என்று இன்றும் கூறுகிறார்கள். நம்மவரில் சிலரும் அதையே கூறுகின்றனர் என்பதே வருந்தத்தக்கது.

மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வி நமக்கு அண்மையிலேயே தொடங்கிற்று. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குக் கல்விப் பணியைத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டிலேயே புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் காது கேளாதோர்க்குப் பள்ளி நிறுவினார். பொதுப் பள்ளிகள் ஏற்காத பிள்ளைகளை அத்தனிப் பள்ளிகள் ஏற்றன. புள்ளி எழுத்தும் கைத்தொழிலும் கற்பித்தன. அப்பணி போற்றுதற்குரியது. ஆனால் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிக்கு எத்தனை கூலித் தொழிலாளர் தம் பிள்ளையை அனுப்ப இயலும்? எஞ்சிய பிள்ளைகளுக்குத் திண்ணையே பள்ளியாயிற்று.

தனியே வைப்பது சமத்துவமாகாது என்னும் உண்மையை உலகம் ஒடுக்கப்பட்டோர் வாயிலாகவே கற்றது. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைப்பது அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோர் அத்தீர்ப்பைத் துணையாகக் கொண்டு வழக்காடினர்; 1975இல் அவர்களுக்கெனக் கல்விச் சட்டம் பிறந்தது. கறுப்பினச் சிறுவர்க்காகத் திறந்த கதவு வேறு பலருக்கும் வழியாயிற்று.

நம் நாட்டில் 1974இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1995இலும் 2016இலும் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கின்றது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய குழந்தை, 6 வயது முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்க உரிமையுடையது. கடுமையான குறைபாடுடைய குழந்தை வீட்டிலிருந்தே கற்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் திருத்தம் வந்தது. அது குழந்தைக்குத் தரப்பட்ட விருப்புரிமை. பள்ளி தன் கடமையைத் தட்டிக் கழிப்பதற்குத் தரப்பட்ட சாக்கன்று.

இதில் நமக்கென்ன தனி அக்கறை என்று கேட்பார்க்கு 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு விடை கூறும். இந்திய மக்களுள் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காட்டினர். பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாத பிறரிடையே 2.18. வேறுபாடு சிறிதெனினும் அது பிறப்பால் வந்ததன்று. கருவுற்ற தாய்க்கு ஊட்டமின்மை, காலத்தில் கிட்டாத மருத்துவம், ஆபத்தான தொழில் ஆகியவை ஏழையின் உடலிலேயே முதலில் வடுவை ஏற்படுத்துகின்றன. முற்பிறவி வினை என்று சொல்லி நாம் கைகழுவிவிட முடியாது. தீண்டாமைக்கும் இதே வினைப்பயனைத்தான் அன்று காரணம் காட்டினர்.

பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டாற் கடமை முடிந்ததாகவும் கொள்ளலாகாது. சிறுவர் அம்பேத்கர் பள்ளியில் சேர்க்கப்பட்டிருந்தார். எனினும் தாம் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிச் சாக்கின்மீது தனித்தே அமர்த்தப்பட்டார். வருகைப் பதிவு உண்டு, வகுப்பில் இடமில்லை. இன்று கடைசிப் பலகையில் பேசாது அமர்த்தப்பட்டு, கேள்வி கேட்கப்படாமலே ஆண்டுகளைக் கழிக்கும் மாற்றுத்திறன் மாணவனின் நிலையும் அதுவே.

வகுப்பில் இடமளிப்பது அரிய வித்தையன்று. கேட்கும் திறன் குறைந்த பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுதல் வேண்டும். பார்வை குறைந்தோர்க்கு எழுதுவதை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். மெல்லக் கற்பவனுக்குப் புளியங்கொட்டைகளை அடுக்கி வாய்பாட்டைக் காட்டினால், மனப்பாடம் செய்து பொருளறியாதிருந்த மற்ற மாணவர்க்கும் அக்கணக்கு விளங்குவதைப் பல்லாண்டுகளாக நான் கண்டுவருகிறேன். ஒரு பிள்ளைக்காகப் பொறுமையாகக் கற்பிக்கும் ஆசிரியர் நாற்பது பிள்ளைகளுக்கும் நல்லாசிரியராகிறார்.

இளைஞர்கள் செய்யத்தக்கன சில உள. நம் மாவட்டத்தில் 9 ஒன்றியங்கள் உள்ளன. ஒன்றியந்தோறும் வட்டார வள மையம் உண்டு. அங்குச் சிறப்பாசிரியரும் இயன்முறைப் பயிற்சியும் மருத்துவ முகாம் பற்றிய செய்தியும் கிடைக்கும். மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் பெற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உள்ளன. தக்க சான்றுகளோடு முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும். இவற்றை அறியாமலே பலர் படிப்பை நிறுத்துகின்றனர். ஒரு நாட்கூலியை இழந்து அலுவலகத்திற்கு அலையும் தாய்க்குப் படித்த இளைஞர் ஒருவர் துணை செல்வது பெருந்தொண்டாகும்.

சங்கம் தன் அடுத்த 25 ஆண்டுப் பணியைத் தொடங்கும்முன், வீடு வீடாகச் சென்று பள்ளி செல்லாத மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை ஆயத்தம் செய்தல் நன்று. பரிசளிப்பு விழாவில் முதல் மதிப்பெண் பெற்றவரைப் பாராட்டுவது போலவே, அப்பட்டியலில் எத்தனை பெயர்கள் பள்ளி சேர்ந்தன என்பதையும் ஆண்டுதோறும் அறிக்கையில் வாசித்தல் வேண்டும். பஞ்சமிக்காக அன்று ஒரு சமுதாயமே பள்ளி வாயிலில் நின்றது. நம் தெருப் பிள்ளைக்காக இன்று நாம் நிற்க வேண்டாமா?