காலிக் கோட்டையும் கானுக்கு மூடியாகக் கிடந்த கல்லும்



பாடசாலை விடுமுறை வந்தால் மடவளையிலிருந்து காலிக்கு டூர் போகாத வருடமில்லை. கோட்டை மதிலில் நின்று படம் பிடிக்கிறோம், கடல் பார்க்கிறோம், திரும்புகிறோம். அங்கே எமது வரலாறும் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள் என்று பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள். அதற்கு ஏறத்தாழ 160 வருடங்களுக்கு முன், 1344இல், மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா காலிக்கு வந்தார். இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் அங்கே தமக்கு விருந்தளித்ததை எழுதியும் வைத்தார்.

அடுத்த சாட்சி ஒரு கல். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. அவரும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவரே. 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. வாசிக்க ஆளில்லாத மொழியில் யாரும் கல்வெட்டு வெட்டுவதில்லை. அன்றைய காலித் துறைமுகத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தக் கல் 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டபோது, எழுத்துப் பக்கம் கீழே இருக்க, கானுக்கு மூடியாகக் கிடந்தது!

கோட்டை பிறகு வந்தது. 1588இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். அவர்களை விரட்ட எமது கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு 1638இல் உடன்படிக்கை செய்தான். 1640இல் ஒல்லாந்தர் காலியைப் பிடித்தார்கள், ஆனால் மன்னனிடம் கொடுக்கவில்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை அதுதான். பழைய வாசலின் உட்புறம் 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும், வெளிப்புறம் ஆங்கிலேயரின் சின்னமும் இருக்கின்றன. வெளிச்சவீட்டுக்கு எதிரே 1904இல் கட்டிய மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். 1988 முதல் கோட்டை உலக மரபுரிமைத் தலம்.

அடுத்த டூரில் கொழும்பு தேசிய நூதனசாலைக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவோம். கல் இப்போது அங்கேதான் இருக்கிறது. தமிழ் எழுத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

எமது வீடுகளிலும் பழைய உறுதிகள், அறபுத் தமிழ் கிதாபுகள் பெட்டிக்கடியில் கறையானுக்கு இரையாகின்றன. அவற்றை எடுத்துத் தூசி தட்டிப் பாதுகாப்போம். எமது ஊரின் சாட்சிகளும் கானுக்கு மூடியாகிவிட வேண்டாம்.