வாய்தா

வாய்க்கும் வாய்தாவுக்கும் உறவில்லை. வாக்குறுதி என்று பொருள்படும் ‘வஅதா’ என்ற அரபுச் சொல் பாரசீகம், உருது வழியாக வந்து நம்மிடம் வாய்தா ஆனது. இந்தியில் இன்றும் அது வாக்குறுதிதான்; முன்பேர வணிகத்துக்கும் அதே பெயர். தமிழில் தவணை என்ற பொருளும் உண்டு. இப்போது அநேகமாகக் கோர்ட் வாய்தா மட்டும்தான்.

வரப்புத் தகராறில் அடிதடி வழக்கு வாங்கியவருக்குச் சட்டத்தில் முதலில் பழகும் சொல் இதுதான். வாய்தா போடுவது நீதிபதி, வாங்குவது வக்கீல், அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போவது இவர். டவாலி பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வக்கீல் ‘317 மனு’ போட வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் வாரண்ட்தான். 317 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 355.

அச்சட்டத்தின் 346-ஆம் பிரிவு, கட்சிக்காரரின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தாலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்கிறது. ஏட்டில் நல்ல விதி. அடுத்த வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் செயலியிலும் பார்த்துக்கொள்ளலாம்.