கந்தலில் தைத்த பூ

ஜவ்வாது மலையில் மார்கழி இரவைக் கழித்தவர்க்குப் போர்வையின் அருமை தெரியும். பழம்புடவைகளை அடுக்கித் தைத்துப் பிள்ளைகளைப் போர்த்துவது நம் ஏழை வீடுகள் அறிந்த வழக்கமே. அவ்வழக்கத்தைக் கலையாகவே வளர்த்தவர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள். போர்த்துகீசியரும் பிறரும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணர்ந்தோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். கோவாவிலிருந்து தப்பி இக்காடுகளில் புகலடைந்தோர் பலர். கத்தோலிக்கரும் இசுலாமியரும் இந்துக்களும் இவர்களுள் உண்டு.

இவர்களுடைய போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். பழம்புடவையை அடியில் விரித்து, துண்டுத் துணிகளை ஓரத்திலிருந்து நடுநோக்கிச் சுற்றிச் சுற்றித் தைப்பர். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் சிலுவையையும் பொருத்துவர். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு முக்கோணத் துணிகள் இருந்தாக வேண்டும். அவற்றைப் பூக்கள் என்கின்றனர். பூவில்லாத கவந்தி அம்மணமானதாம்! குளிரைத் தடுக்க அப்பூக்கள் சிறிதும் உதவா. எனினும் விலைக்கு விற்கப்பட்டோரின் வழிவந்த இப்பெண்கள் அவற்றை விட்டுவிடாததையே நாம் வரலாறாகக் கொள்கிறோம்.

உத்தர கன்னட மாவட்டச் சித்திகள் 2003இல் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டனர். 2011இல் கவந்திகள் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் முதல் தலைமுறைகள் தைத்தவற்றை நாம் எங்கே தேடுவது? அவை உறங்கும் பிள்ளைகளின் மேல் தேய்ந்தே போயின.